கேஸ் டிரபிளும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை

"அண்ணே, அந்த பி.பி. ஊசி இருக்கா?" என்று அவன் கேட்டபோது முதலில் எனக்குப் புரியவில்லை. காரைக்குடிப் பக்கம் மருந்துக்கடையில் நின்று இருபது வருஷம் ஆகிறது. பி.பி.க்கு மாத்திரை கேட்பார்கள், ஊசி கேட்டு யாரும் வந்ததில்லை. கேட்டவனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். கபடி ஆடுகிற பையன், கழுத்தே தெரியாத அளவுக்குத் தோள். செல்போனில் ஒரு போட்டோ காட்டினான். சின்னக் கண்ணாடிக் குப்பி, அலுமினிய மூடி. ஆபரேஷன் தியேட்டரைத் தாண்டி வெளியே வரக்கூடாத மருந்து.

"யாருக்குப்பா?" என்றேன்.

"ஜிம்முக்குண்ணே. ஒர்க்அவுட்டுக்கு முன்னாடி போட்டா செம பம்ப் கிடைக்கும்." புரோட்டீன் பவுடர் கேட்கிற மாதிரிதான் சொன்னான், குரலில் ஒளிவு மறைவே இல்லை.

இல்லை என்று அனுப்பிவிட்டேன். வேறு எங்கேயோ வாங்கிக்கொண்டான் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த ஏழெட்டு மாதத்தில் அவன் வீட்டிலிருந்து ஒவ்வொருவராக என் கடைக்கு வந்தார்கள். அம்மா வந்து நெஞ்சு எரிச்சலுக்கு கேஸ் மாத்திரை வாங்கினார். அப்புறம் தூக்கம் வரவில்லை என்று ஒரு டாக்டர் சீட்டு. அதற்கப்புறம் பல் டாக்டர் சீட்டு. கடைசியாக அவனுடைய அப்பத்தா. அவர் மருந்து வாங்க வரவில்லை, சும்மா திண்ணையில் உட்கார்ந்து, பேரனை ஏதோ காத்துக் கருப்பு பிடித்துவிட்டது, கோடாங்கியிடம் கூட்டிப்போனோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே பையன், நாலு வாசல். வயிற்று டாக்டர் வயிற்றைப் பார்த்தார், பல் டாக்டர் பல்லைப் பார்த்தார். சீட்டு எல்லாம் ஒரே கல்லாவுக்கு வந்ததால் எனக்கு மட்டும்தான் கூட்டிப் பார்க்க முடிந்தது. (ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன்.)

செயற்கைக் கிளர்ச்சி மருந்துகள் உண்டாக்கும் கோளாறுகளில் எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது இதுதான். குடித்தால் வாடை அடிக்கும், கஞ்சா என்றால் கண் சொல்லிவிடும். இது வீட்டுக்குள் வரும்போது சுறுசுறுப்பின் வேஷத்தில் வருகிறது, போகும்போது வேறு வேறு நோய்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறது.

சரி, என்னதான் இந்த மருந்து? அவன் காட்டிய குப்பியில் இருப்பது மெபென்டர்மின். சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போட்டதும் பல பேருக்கு ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். அதைத் தூக்கிப் பிடிக்க மயக்க மருந்து நிபுணர் இதைச் சில மில்லிகிராம் மட்டும், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், நரம்பில் ஏற்றுவார். 10 மில்லி குப்பி ஒன்றில் இருப்பது 300 மில்லிகிராம். கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே குத்திக்கொள்கிற பையனுக்கு முன்னால் எந்த மானிட்டரும் ஓடுவதில்லை. ஜிம்மில் இதை ஸ்டீராய்டோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு. ஸ்டீராய்டு சதையையாவது வளர்க்கும், அதற்கான கேடும் தனி. மெபென்டர்மின் ஒரு இழை சதைகூட வளர்க்காது. களைப்பு தெரியாமல் செய்யும், அவ்வளவுதான். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலிலும் இது இருக்கிறது. ஊர்க் கபடியில் யார் சோதிக்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கிளர்ச்சி மருந்துகள் என்கிற பெரிய குடும்பத்தில் இது ஒரு பங்காளி. மூத்தவர் ஆம்பெட்டமின். 1887-ல் பெர்லினில் லாசர் எடலேனு என்ற ருமேனிய வேதியியலாளர் உண்டாக்கினார். அவர் அப்போது அதை மருந்தாகவே நினைக்கவில்லை. 1893-ல் ஜப்பானின் நாகாய் நாகயோஷி எபெட்ரினிலிருந்து மெத்தம்பெட்டமினைச் செய்தார். இன்றைக்கு 'மெத்', 'ஐஸ்' என்று செய்தித்தாளில் வருவது அதுதான். ஜெர்மனியில் 1938-ல் அது பெர்விட்டின் என்ற பெயரில் மாத்திரையாகவே கடைக்கு வந்தது, போரில் சிப்பாய்கள் விழுங்கினார்கள். ஜப்பானிலும் அதே கதை. போர் முடிந்தபின் மிச்சமிருந்த சரக்கு ஊருக்குள் இறங்கி, 1951-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. இவை போக, பார்ட்டி மாத்திரை என்கிற எம்.டி.எம்.ஏ. இருக்கிறது. 'மியாவ் மியாவ்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கும் மெபெட்ரோன் இருக்கிறது. இந்தியாவில் இது 2015-ல்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தென் மாவட்டங்களில் போலீஸ் பிடிக்கிற 'வலி நிவாரண மாத்திரை' பெரும்பாலும் டேபென்டடால். அது அபின் வகை. ஆளை அமுக்கும், மூச்சைக் குறைக்கும். கிளர்ச்சி மருந்து அதற்கு நேர் எதிர்: எல்லாவற்றையும் முடுக்கிவிடும். அபின் வகைக்கு நலாக்சோன் என்று ஒரு முறிவு மருந்து இருக்கிறது. இதற்கு அப்படி எதுவும் கிடையாது. இரண்டையும் கலந்து போடுகிறவர்களும் உண்டு. ஒன்று இறங்குவதற்குள் மற்றது ஏறும், ஆஸ்பத்திரியில் எதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது என்பதே பெரிய பாடு.

உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மூளை நரம்பு முனைகளில் டோபமின், நார்அட்ரினலின், செரட்டோனின் என்று சில ரசாயனங்கள் தேங்கியிருக்கும். நல்ல சாப்பாடு, ஜெயித்த ஆட்டம், பிடித்த முகம் என்று ஏதாவது நடக்கும்போது மடை கொஞ்சம் திறக்கும், வேண்டிய அளவு பாயும். நம் கண்மாயில் இல்லாத ஒரு வசதி மூளையில் உண்டு. பாய்ந்து மிஞ்சியதைத் திரும்ப உள்ளே இறைத்துக்கொள்ள ஒரு மோட்டார் இருக்கிறது. கோகெய்ன் அந்த மோட்டாரை நிறுத்துகிறது. ஆம்பெட்டமின் வகை அதோடு விடாமல் மோட்டாரையே தலைகீழாக ஓட்டுகிறது. இழுக்க வேண்டியது கக்குகிறது. கண்மாய் முழுக்க வயலில். அன்றைக்குப் பயிர் மிதக்கும், மறுநாள் மீன் துடிக்கும்.

அவன் சொன்ன 'செம பம்ப்' என்பது இந்த வெள்ளம்தான். ஊசியில் சக்தி என்று தனியாக எதுவும் இல்லை, அவனுக்குள் இருந்ததையே ஒரேயடியாகத் திறந்துவிட்டது. இருப்பு குறையக் குறைய அதே அளவு ஊசிக்கு முன்பிருந்த விளைவு வராது. இதைத் தியேட்டரில் வேலை பார்க்கிற டாக்டர்கள் நன்றாக அறிவார்கள். அடுத்தடுத்துப் போட்டால் பி.பி. ஏறுவது குறைந்துகொண்டே போகும். அவர்கள் மருந்தை மாற்றுவார்கள். ஜிம் பையன் அளவைக் கூட்டுகிறான்.

முதலில் அடி வாங்குவது இதயம். நாடி ஓடுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, இதயத்துக்கு ஆக்ஸிஜன் கூடுதலாக வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் அந்த இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் சுருங்கிப் பிடித்துக்கொள்கின்றன. கொழுப்பு அடைப்பு ஒன்றும் இல்லாத இருபது வயசு ஆளுக்கு மாரடைப்பு வருவது இப்படித்தான். ஆனால் இருபது வயசில் நெஞ்சைப் பிடித்தால் நம் வீட்டில் யாராவது மாரடைப்பு என்று நினைப்பார்களா? வாயுக் குத்து என்போம், சோடா வாங்கிக் கொடுப்போம், இல்லையென்றால் பெருங்காயத்தை மோரில் கலக்குவோம். என் கடையில் விற்ற கேஸ் மாத்திரையும் அந்தக் கணக்கில்தான் போனது. நெஞ்சு வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், வயசைப் பார்க்காமல் ஒரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். சில பேருக்குத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு. மூளையில் ரத்தக் குழாய் வெடிப்பதும் இதே அழுத்தத்தால்தான். மண்டையில் அடித்த மாதிரி திடீரென்று வருகிற தலைவலி அதன் அறிகுறி.

மெதுவாக வருவது இன்னொன்று. மாதக்கணக்கில் இந்தச் சவுக்கடி பட்ட இதயச் சதை தளர்ந்து, இதயம் பலூன் மாதிரி விரிந்துவிடும். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் பங்கு, 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டியது, முப்பதுக்குக் கீழேகூட இறங்கியிருக்கும். "பம்பிங் குறைஞ்சுருச்சு" என்று வயசானவர்கள் சொல்கிற அதே வார்த்தைதான். பம்ப் கேட்டு வந்தவனுக்குப் பம்பிங் போச்சு என்பதைச் சிலேடையாகச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஒரு ஆறுதல் உண்டு. மருந்தை அறவே விட்டுவிட்டு இதய வைத்தியத்தை ஒழுங்காக எடுத்தால், தழும்பு அதிகம் விழாதவர்களுக்கு இதயம் ஓரளவு, சில நேரம் நன்றாகவே, மீண்டு வரும்.

அடுத்தது சூடு. நம் பக்கத்தில் இதைத் தனியாகப் பேச வேண்டும். சித்திரை, வைகாசியில் சிவகங்கைச் சீமை வெயில் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் அதற்காகவே முற்றம் வைத்து, சுவரைத் தடிமனாக எழுப்பி, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் பூசி, ஆத்தங்குடிக் கல் பதித்தார்கள். இன்றைக்கு ஜிம் நடப்பது தகரக் கொட்டகையில். கிளர்ச்சி மருந்து தசைகளை ஓயாமல் இயக்கிச் சூட்டைப் பெருக்கும். தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி, அந்தச் சூடு வெளியேறும் வழியையும் அடைக்கும். மூளையோ களைப்பையும் தாகத்தையும் காட்டாது. உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இந்த நேரத்தில் காய்ச்சல் என்று நினைத்து பாரசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை. காய்ச்சலில் மூளையே சூட்டின் அளவைக் கூட்டி வைக்கிறது, மாத்திரை அதைத்தான் இறக்கும். இங்கே சூடு தசையிலிருந்து வருகிறது. நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்து, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சூட்டில் வெந்த தசை உடைந்து ரத்தத்தில் கலக்கும். அதிலுள்ள புரதம் சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் அதுதான் அறிகுறி. உடம்பு சூடு, இளநீர் குடி என்று இரண்டு நாள் தள்ளினால் டயாலிசிஸ் வரைக்கும் போய்விடும். எம்.டி.எம்.ஏ.வில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். சூடு என்று குடம் குடமாய்த் தண்ணீர் குடிப்பார்கள், மருந்து அந்தத் தண்ணீரை வெளியேற விடாது. ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மூளை வீங்கி, வலிப்பு வந்துவிடும்.

அப்பத்தா சொன்ன காத்துக் கருப்புக்கு வருகிறேன். மூன்று நான்கு நாள் தூங்காமல் விழித்திருக்கிற மூளையில் டோபமின் வெள்ளமும் சேர்ந்தால் சந்தேகம் முளைக்கும். முதலில் சின்னதாக: பக்கத்து வீட்டுக்காரன் ஏன் அப்படிப் பார்த்தான், என் போனை யாரோ கேட்கிறார்கள். பிறகு குரல் கேட்கும், ஆள் தெரியும். அந்தப் பையன் குடும்பம் காவலுக்கு இருந்தது ஒரு பெரிய வீட்டில். சொந்தக்காரர்கள் வெளியூரில், கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் வருவார்கள். இரண்டாம் கட்டில் நாலு பேர் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ராத்திரி ஒவ்வொரு கதவாகப் போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். ஆளில்லாத கட்டு, புறா அடைகிற சத்தம், மேல்மாடியில் காற்றுக்கு அடிக்கிற ஜன்னல். வீட்டில் இருந்தவர்களுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. தோலுக்கு அடியில் பூச்சி ஊர்கிறது என்று முன்கையைப் பிறாண்டிப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டான். கோடாங்கி அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாரோ, கையில் தாயத்து ஏறியது.

இந்த நிலை பார்ப்பதற்கு மனச்சிதைவு நோய் போலவே இருக்கும். மனநல மருத்துவருக்கே முதல் நாளில் பிரித்துச் சொல்வது கஷ்டம். மருந்து நின்றால் பெரும்பாலோருக்குச் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தெளிந்துவிடும். சிலருக்கு நீடிக்கும், திரும்பவும் ஒரு முறை போட்டாலோ தூக்கம் கெட்டாலோ மறுபடி வரும். சிறுநீர்ச் சோதனை உதவும். மெத் என்றால் கடைசியாகப் போட்டதிலிருந்து இரண்டு மூன்று நாள் வரைக்கும் காட்டும். ஆனால் சாதாரணப் பரிசோதனைப் பட்டையில் மெபெட்ரோன் பல நேரம் அகப்படாது. சளி மாத்திரையில் இருக்கிற சூடோஎபெட்ரின் தப்பாக 'இருக்கிறது' என்று காட்டவும் செய்யும். பட்டையை மட்டும் நம்பி ஒருவனைக் குற்றவாளியாக்கவும் முடியாது, நல்லவனாக்கவும் முடியாது.

பல் டாக்டர் சீட்டின் கதை சுருக்கமானது. எச்சில் வற்றும், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருப்பார்கள், வாய் காய்வதற்குச் சர்க்கரைக் குளிர்பானமாகக் குடிப்பார்கள், பல் தேய்ப்பது மறந்துபோகும். பல் சொத்தையாகி உதிர வேறு என்ன வேண்டும்? ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, இதய வால்வில் கிருமித் தொற்று. கர்ப்பிணி எடுத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியும் ஆபத்தும் உண்டு.

மருந்து இறங்கும் நேரத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மெத் ரத்தத்தில் பாதியாகக் குறையவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு ஆள் இரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான், எழுந்ததும் சட்டியோடு சாப்பிடுவான். வீட்டில் 'பிள்ளை தேறிவிட்டான்' என்று நிம்மதியாகிவிடுவார்கள். அப்போதுதான் வறண்ட கண்மாய் தெரியத் தொடங்கும். எதிலும் ருசி இல்லை, எதற்கும் மனசு எழாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். ஆள் அமைதியாகிவிட்டான் என்று தனியாக விட்டுவிடக் கூடாத நேரம் அது. மூளையின் அந்த மோட்டார்கள் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அப்போதும் முழுசாக வரும் என்று சொல்ல முடியாது.

வைத்தியம் என்று வந்தால், அவசர நிலையில் ஆளை அமைதிப்படுத்தும் மருந்து, குளிர்விப்பது, நரம்பில் திரவம். சந்தேகப் பேச்சுக்குச் சில நாள் மனநல மருந்து. பழக்கத்தை விட வைக்கிற மாத்திரை என்று அங்கீகரிக்கப்பட்டது இதுவரை எதுவும் இல்லை. அபின் வகைக்கு இருப்பது போல மாற்று மாத்திரை கொடுத்து மெல்ல இறக்குகிற வழி இங்கே கிடையாது. பேசிப் பேசி, தூண்டுகிற இடத்தையும் ஆளையும் அடையாளம் கண்டு, போடாமல் இருக்கிற ஒவ்வொரு வாரத்துக்கும் ஏதாவது சின்னப் பரிசு கொடுத்துப் பழக்குகிற முறைக்குத்தான் நல்ல பலன் இருக்கிறது. கேட்க விளையாட்டாக இருக்கும், உலகம் முழுக்க சோதித்துப் பார்த்த முறை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கு 14446, மனசு சரியில்லை என்றால் 14416, இரண்டும் இலவச அழைப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில்தான் பாதி வீடுகள் கோடாங்கியிடம் போகின்றன. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டாலும், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். விற்றவருக்கு இது பொருந்தாது. மெபென்டர்மின் விஷயத்தில், டாக்டர் சீட்டில்லாமல் அதை விற்கவே கூடாது. எங்கள் தொழிலில் சிலர் விற்கத்தான் செய்கிறார்கள். அதையும் எழுதாமல் விட்டால் நான் பாதிக் கதைதான் சொன்னவனாவேன்.

அந்த அம்மாவிடம் நான் கடைசியில் சொன்னது ஒன்றுதான். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா சீட்டையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்க, ஊசி போட்டதை மறைக்காதீங்க. "அதை எப்படிண்ணே சொல்றது, வெளியில தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் போனார்கள். எக்கோ எடுத்தார்கள், 32 என்று வந்தது.

போன வாரம் அவனே வந்தான், ஒரு மாசத்து இதய மாத்திரை வாங்க. தோள் வற்றி, சட்டை தொங்கியது. எங்கள் கடைக்கு மூன்று படி. இரண்டாவது படியில் நின்று, செருப்பைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டான். பில் போடும்போது, "இப்ப 41 ஆயிருச்சுண்ணே" என்றான்.